மெயில் சர்வரின் அக்கவுண்ட்களை எங்கே வைப்பது: கோப்பா, டேட்டாபேஸா, எல்டாப்பா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் மெயிலை ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து சொந்த சர்வருக்கு மாற்றுகிறோம். டெபியன் லினக்ஸ், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து காட்டும் டவ்காட். இரண்டு டொமைன், சுமார் 40 பேர். நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவரவர் பாஸ்வேர்டை அவரவரே ரவுண்ட்க்யூபில் (பிரவுசரில் மெயில் பார்க்கும் மென்பொருள்) மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் என்கிறது. நண்பர் ஒருவர் எல்டாப்தான் (பயனர் விவரங்களை ஒரே இடத்தில் வைத்துத் தேடும் டைரக்டரி முறை) முறையான வழி என்கிறார். 40 பேருக்கு இதெல்லாம் தேவையா? லினக்ஸ் பயனர்களாகவே சேர்த்துவிட்டால் போதாதா?

பதில்:

உங்கள் நிலைமைக்கு போஸ்ட்கிரெஸ் அல்லது மரியாடிபி (மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த டேட்டாபேஸ்). இரண்டில் உங்களுக்குக் கை பழகியது எதுவோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிகள் சொல்லும் இடத்துக்கே நானும் வருகிறேன், ஆனால் வரும் வழி வேறு. 40 பேரானாலும் 4,000 பேரானாலும் ஒரு பெயரைத் தேடி எடுப்பது இன்றைய கணினிக்கு ஒரு வேலையே இல்லை, அதனால் வேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அக்கவுண்டை யார் யார் மாற்றப் போகிறார்கள், மெயிலைத் தவிர வேறு எந்த மென்பொருள் அதைப் படிக்கப் போகிறது என்ற இரண்டையும் பாருங்கள். பாஸ்வேர்டை அவரவரே மாற்ற வேண்டும் என்ற அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால், சாதாரண டெக்ஸ்ட் கோப்பே போதும் என்று சொல்லியிருப்பேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "அக்கவுண்ட்" என்று நாம் ஒரே பொருளாகப் பேசுகிறோம், ஆனால் சர்வர் அதைப் பற்றி நான்கு தனித்தனிக் கேள்விகள் கேட்கிறது. வெளியிலிருந்து மெயில் வரும்போது போஸ்ட்ஃபிக்ஸ் கேட்பது: இப்படி ஒரு முகவரி இங்கே உண்டா? அலயாஸாக (வேறொரு பெட்டிக்குப் போகும் மாற்று முகவரி) இருந்தால் யாருக்குப் போக வேண்டும்? ஒருவர் லாகின் செய்யும்போது டவ்காட் கேட்பது: இந்தப் பாஸ்வேர்ட் சரியா? இதை டவ்காட் பாஸ்டிபி என்கிறது. லாகின் ஆனதும், அல்லது மெயிலைப் பெட்டியில் போடும்போது கேட்பது: இவருடைய பெட்டி டிஸ்கில் எங்கே இருக்கிறது, எந்த யூஐடியில் (சிஸ்டம் பயனரின் எண்) திறக்க வேண்டும், கோட்டா (இட வரம்பு) எவ்வளவு? இது யூசர்டிபி. நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: லாகின் செய்த இந்த ஆள் எந்த முகவரியிலிருந்து அனுப்பலாம்? போஸ்ட்ஃபிக்ஸ் இதைத் தானாகச் சரிபார்ப்பதில்லை. அனுப்புநர்-லாகின் பட்டியலைக் கொடுத்து, பொருந்தாவிட்டால் மறுக்கச் சொல்லாத வரை, உங்கள் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் நிர்வாக இயக்குநரின் முகவரியிலிருந்து மெயில் அனுப்ப முடியும். அவருடைய பாஸ்வேர்ட் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த நான்குக்கும் விடை ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். மெயில் சர்வரில் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பகுதி, இரண்டு இடத்தில் இரண்டு விதமான விடை இருந்ததால் வந்தவை. முகவரி போஸ்ட்ஃபிக்ஸ் பட்டியலில் இருக்கும், டவ்காட்டுக்குத் தெரியாது. வாங்கிக்கொண்ட மெயிலைப் போட இடமில்லாமல் போஸ்ட்ஃபிக்ஸ் அதை பவுன்ஸாகத் திருப்பி அனுப்பும். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால், அந்த பவுன்ஸ் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும். கொஞ்ச நாளில் உங்கள் ஐபி தடைப்பட்டியலில் ஏறிவிடும்.

சரி, லினக்ஸ் பயனர்களாகவே வைப்பதைப் பார்ப்போம். டெபியனில் டவ்காட்டை நிறுவியதும் அப்படித்தான் இருக்கும்: பாம் என்ற லினக்ஸ் லாகின் அமைப்பு வழியாக சிஸ்டத்தின் பாஸ்வேர்டையே சரிபார்க்கும். ஒரே டொமைன், வீட்டில் நான்கு பேர், எல்லோருக்கும் அந்த மெஷினில் ஷெல்லும் உண்டு என்றால் அது அழகாக ஓடும். உங்களுக்கு வேண்டாம் என்பதற்கு முதல் காரணம், இரண்டு டொமைன். இரண்டிலும் "இன்ஃபோ" என்ற முகவரி தனித்தனிப் பெட்டியாக வேண்டும் என்பீர்கள். சிஸ்டத்தில் அந்தப் பெயர் ஒன்றுதான் இருக்க முடியும். வேறு பெயரில் பயனரை உருவாக்கி அலயாஸ் போட்டு ஒப்பேற்றலாம், ஆனால் அப்புறம் லாகின் பெயர் ஒன்று, முகவரி ஒன்று என்று 40 பேருக்கும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. ஐமேப் (மெயில் படிக்க லாகின் செய்யும் வழி) போர்ட்டில் உலகம் முழுவதிலிருந்தும் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே ஒன்று சிக்கினால் அது எஸ்எஸ்எச்சுக்கும் (சர்வருக்குள்ளேயே நுழையும் வழி) சிக்கியதாகிவிடக் கூடாது. மெயில் மட்டும் பார்க்கிற ஒருவருக்கு சர்வரில் பயனர் அக்கவுண்ட் எதற்கு? அதனால் விர்ச்சுவல் பயனர்கள்தான், அதாவது சிஸ்டத்தில் இல்லாமல் மெயிலுக்கு மட்டும் இருக்கும் பயனர்கள். டிஸ்கில் எல்லாப் பெட்டிகளுக்கும் விமெயில் என்ற ஒரே சிஸ்டம் பயனர் சொந்தக்காரர். வழக்கமாக யூஐடி 5000 கொடுப்பார்கள்.

விர்ச்சுவல் பயனர் என்று வந்ததும் டேட்டாபேஸ் கட்டாயம் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. டவ்காட் ஒரு டெக்ஸ்ட் கோப்பை அப்படியே படிக்கும். ஒருவருக்கு ஒரு வரி, முக்காற்புள்ளியால் பிரித்த எட்டுப் புலங்கள்: முழு முகவரி, பாஸ்வேர்ட் ஹாஷ் (பாஸ்வேர்டின் ஒருவழிக் குறி வடிவம்), யூஐடி, ஜிஐடி (குழுவின் எண்), காலியாக விடும் ஒரு புலம், ஹோம் அடைவு, மறுபடி காலியாக ஒன்று, கடைசியில் கோட்டா போன்ற கூடுதல் விவரங்கள். கோப்பு மாறினால் டவ்காட் தானே கவனித்துத் திரும்பப் படிக்கும், ரீலோட் தேவையில்லை. அதை அப்படியே கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றை வைக்கும் கருவி) போட்டு வைக்கலாம்; யாரை எப்போது சேர்த்தோம், எடுத்தோம் என்ற வரலாறு தானாகச் சேரும். திருத்தும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றுங்கள். பாதி எழுதிய கோப்பை டவ்காட் படித்துவிடக் கூடாது. டாக்கர்-மெயில்சர்வர் என்ற ஆயத்தத் தொகுப்பு இயல்பாக இந்தக் கோப்பு வழியில்தான் ஓடுகிறது, அதை ஏராளமானோர் நிம்மதியாகப் பயன்படுத்துகிறார்கள்.

கோப்பு வழியில் போஸ்ட்ஃபிக்ஸின் கேள்விக்கு விடை எங்கிருந்து வரும்? ஒன்று, அதே கோப்பிலிருந்து முகவரிகளை எடுத்து போஸ்ட்மேப் (போஸ்ட்ஃபிக்ஸின் தேடல் பட்டியலுக்கான கட்டளை) ஓட்டும் சிறு ஸ்கிரிப்ட். இல்லையென்றால் பட்டியலே கொடுக்காமல், போஸ்ட்ஃபிக்ஸை எல்எம்டிபி (மெயிலைப் பெட்டிக்கு ஒப்படைக்கும் நெறிமுறை) வழியாக டவ்காட்டிடமே "இவர் இருக்கிறாரா" என்று கேட்கச் சொல்லலாம். இது எனக்கு மிகவும் பிடித்த வழி, இரண்டாவது பட்டியலே இருக்காது. இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தச் சரிபார்ப்பில் தெரியாத முகவரிக்கு போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகச் சொல்வது 450, அதாவது "பிறகு வா". அதை 550 என்று, அதாவது நிரந்தர மறுப்பாக, மாற்ற வேண்டும். அப்புறம், "இல்லை" என்ற விடையையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்க 3 மணி நேரம் ஆகும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முகவரி உருவாக்கும் முன்பே யாராவது மெயில் அனுப்பிப் பார்த்திருந்தால், உருவாக்கிய பிறகும் சிறிது நேரம் "இல்லை" என்றே வரும்.

இவ்வளவு நல்லது என்றால் உங்களுக்கு ஏன் கோப்பு வேண்டாம்? ரவுண்ட்க்யூபில் பாஸ்வேர்ட் மாற்றும் வசதி வேண்டும் என்கிறீர்கள். சரியான தேவைதான், நானும் வற்புறுத்துவேன். அட்மின் போட்டுக் கொடுக்கும் பாஸ்வேர்ட் அட்மினுக்குத் தெரிந்த பாஸ்வேர்ட், வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும் பாஸ்வேர்ட், யாரும் மாற்றாத பாஸ்வேர்ட். ஆனால் கோப்பில் அதைச் செய்ய, வெப் சர்வருக்கு அந்தக் கோப்பை எழுதும் உரிமை கொடுக்க வேண்டும். ரவுண்ட்க்யூப் ஓடும் பிஎச்பியில் ஓட்டை விழுந்தால் ஒரே வரியில் புதிய அக்கவுண்ட், பக்கத்து வரியில் நிர்வாக இயக்குநரின் ஹாஷ். எஸ்கியூலைட்டிலும் (ஒரே கோப்பில் இருக்கும் டேட்டாபேஸ்) இதே சிக்கல்தான். சர்வர் புரோசஸ் தேவையில்லை, பேக்கப் எளிது, மெயில்-இன்-எ-பாக்ஸ் என்ற ஆயத்தத் தொகுப்பு அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அங்கேயும் உரிமை என்பது கோப்புக்கு உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். எழுத வேண்டுமானால் அந்த அடைவுக்கே எழுதும் உரிமை கொடுக்க வேண்டியிருக்கும்.

போஸ்ட்கிரெஸும் மரியாடிபியும் தங்கள் பிழைப்பைச் சம்பாதிப்பது இங்கேதான். மூன்று டேட்டாபேஸ் பயனர்களை உருவாக்குங்கள். போஸ்ட்ஃபிக்ஸுக்கும் டவ்காட்டுக்கும் உள்ளவர் படிக்க மட்டும். ரவுண்ட்க்யூபுக்கு உள்ளவருக்கு பாஸ்வேர்ட் என்ற ஒரு நெடுவரிசையை மட்டும் மாற்ற உரிமை. இரண்டு டேட்டாபேஸிலும் நெடுவரிசை அளவில் உரிமை கொடுக்கலாம். எல்லாம் செய்யக்கூடியவர் உங்களுடைய நிர்வாகக் கருவிக்கு மட்டும். போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் என்ற வெப் நிர்வாகக் கருவியைப் போட்டால் அது உங்கள் அலுவலக ஐபியிலிருந்து மட்டும் திறக்கட்டும். இணைய வழிகாட்டிகளில் பெரும்பாலானவை எல்லாவற்றுக்கும் ஒரே டேட்டாபேஸ் பயனரைப் போட்டு முடித்துவிடுகின்றன. அப்படிச் செய்தால் டேட்டாபேஸ் வைத்த பலனில் பாதி போய்விடுகிறது.

நடைமுறையில் எல்லோரும் இடறும் சில இடங்கள் உண்டு. டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் பகுதிகள் சி-ரூட்டுக்குள் (ஒரு அடைவுக்கு வெளியே எதையும் பார்க்க முடியாத அடைப்பு) ஓடக்கூடும். "லோக்கல்ஹோஸ்ட்" என்று எழுதினால் மைஎஸ்கியூஎல் கிளையன்ட் யூனிக்ஸ் சாக்கெட்டைத் தேடும், அது சி-ரூட்டுக்குள் இருக்காது. 127.0.0.1 என்று எழுதுங்கள். அடுத்தது இணைப்புகளின் எண்ணிக்கை. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஒவ்வொரு சேவைக்கும் 100 புரோசஸ் வரை எழுப்பும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு டேபிளுக்கும் தனி இணைப்பு திறக்கும். போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100, மைஎஸ்கியூஎல்லில் 151. ஒரு ஸ்பேம் அலை அடித்தால் போதும், டேட்டாபேஸ் கதவை மூடிவிடும். டேபிள் பெயருக்கு முன்னால் ப்ராக்ஸி என்று சேர்த்தால் போஸ்ட்ஃபிக்ஸின் ப்ராக்ஸிமேப் சேவை எல்லாக் கேள்விகளையும் சில இணைப்புகளுக்குள் அடக்கிவிடும். சி-ரூட் தொல்லையும் சேர்ந்து தீரும். மூன்றாவது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து. மைஎஸ்கியூஎல் இயல்பாக இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், போஸ்ட்கிரெஸ் பார்க்காது. முகவரிகளைச் சேமிக்கும்போதே சிறிய எழுத்தில்தான் என்று டேபிளிலேயே ஒரு கட்டுப்பாடு போட்டுவிடுங்கள்.

நான்காவது, "ஆக்டிவ்" என்ற நெடுவரிசை. ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அதை அணைப்பீர்கள். லாகினுக்கான கேள்வியில் அந்த நிபந்தனை இருக்கும், அனுப்புநர் பட்டியலுக்கான கேள்வியில் இருக்காது. அல்லது பெட்டி டேபிளில் இருக்கும், அலயாஸ் டேபிளில் இருக்காது. நான்கு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஆனால் போனவரின் முகவரிக்கு வரும் மெயிலை உடனே மறுக்க வேண்டும் என்றில்லை, வாடிக்கையாளர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். "லாகின் கூடாது" என்பதும் "மெயில் வாங்கலாம்" என்பதும் தனித்தனி நெடுவரிசையாக இருப்பது நல்லது. அணைத்த பிறகும் அவருடைய ஃபோனில் திறந்திருக்கும் ஐமேப் இணைப்பு அப்படியே உயிரோடு இருக்கும். டவ்அட்மின் கிக் கட்டளையால் அதைத் துண்டிக்க வேண்டும். டவ்காட்டில் லாகின் கேஷ் வைத்திருந்தால் அதையும் காலி செய்யுங்கள், இல்லையென்றால் காலாவதியாகும் வரை பழைய பாஸ்வேர்ட் வேலை செய்யும்.

எல்டாப்புக்கு வருவோம். உங்கள் நண்பர் சொல்வது தவறில்லை, உங்களுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. அலுவலகத்தில் ஏற்கெனவே ஆக்டிவ் டைரக்டரியோ ஃப்ரீஐபிஏவோ (எல்டாப் வழியாகப் பேசும் பயனர் டைரக்டரிகள்) இருந்து, எல்லோரும் காலையில் அதில்தான் லாகின் செய்கிறார்கள் என்றால், மெயிலுக்கென்று தனி டேட்டாபேஸ் வைப்பது வேண்டாத வேலை. அப்போது எல்டாப்தான். மெயிலுக்காக மட்டும் புதிதாக ஒரு ஓப்பன்எல்டாப் நிறுவுவது வேறு கதை: ஸ்கீமா (தரவின் அமைப்பு), அனுமதி விதிகள், பேக்கப் முறை என்று தனியாக ஒரு படிப்பு. ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அந்தச் சுமையை ஏற்ற மாட்டேன். அடுத்து நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) போன்ற ஒன்று வந்தாலும் உடனே எல்டாப் தேவைப்படாது. அது ஐமேப் வழியாக டவ்காட்டிடமே பாஸ்வேர்டைச் சரிபார்க்க ஒரு ஆப் இருக்கிறது. ஐந்தாறு சேவைகள், அவற்றுக்கெல்லாம் குழுக்கள், உரிமைகள் என்று வளரும்போது மறுபடி யோசிக்கலாம்.

ஆக்டிவ் டைரக்டரி இருக்கும் ஒருவர் இதைப் படித்தால் அவருக்காக இரண்டு வார்த்தை. அது பாஸ்வேர்ட் ஹாஷை எல்டாப் வழியாகக் கொடுக்காது, அதனால் டவ்காட் பயனரின் பெயரிலேயே பைண்ட் (எல்டாப்பில் லாகின்) செய்து பார்க்க வேண்டும். முடக்கிய அக்கவுண்டின் பைண்ட் தோற்கும், நல்லது. ஆனால் போஸ்ட்ஃபிக்ஸின் தேடல் அதைக் கண்டுகொள்ளாது. ஃபில்டரில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இன்னொன்று, ஃபோன். விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றியதும், ஃபோனில் சேமித்த பழைய பாஸ்வேர்ட் சில நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்கும். லாக்அவுட் கொள்கை இருந்தால் அந்த ஆளின் விண்டோஸ் அக்கவுண்டே பூட்டிக்கொள்ளும், ஏன் என்று அவருக்கும் தெரியாது, ஹெல்ப்டெஸ்க்குக்கும் தெரியாது. டவ்காட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பாஸ்டிபி வைக்கலாம் என்பதால், ஃபோனுக்கென்று தனிப் பாஸ்வேர்டுகளை ஒரு சிறிய டேபிளில் வைத்து, பெட்டியின் விவரத்தை மட்டும் டைரக்டரியிலிருந்து எடுப்பது இதற்கு நல்ல தீர்வு.

எங்கே வைத்தாலும் பொருந்தும் இரண்டு முடிவுகளை இப்போதே எடுத்துவிடுங்கள், பின்னால் மாற்றுவது கடினம். பாஸ்வேர்ட் ஹாஷின் முன்னால் அதன் வகையை நெளிவு அடைப்புக்குள் சேர்த்துச் சேமியுங்கள். அப்போது பழைய ஹோஸ்டிங்கிலிருந்து வரும் எம்டி5-கிரிப்ட் ஹாஷ்களும் நீங்கள் புதிதாகப் போடும் பிகிரிப்ட் ஹாஷ்களும் ஒரே டேபிளில் இருக்கலாம். ஒவ்வொருவரும் பாஸ்வேர்ட் மாற்றும்போது பழையது தானாகக் கழிந்துபோகும். கிராம்-எம்டி5 போன்ற லாகின் முறைகளைத் திறக்க வேண்டாம். அவற்றுக்காகப் பாஸ்வேர்டை வெளிப்படையாகவோ அதற்குச் சமமான வடிவிலோ வைக்க வேண்டியிருக்கும். டிஎல்எஸ் (இணைப்பின் மறையாக்கம்) கட்டாயம் என்று வைத்துவிட்டால் சாதாரண லாகினே போதும்.

இரண்டாவது, பெட்டியின் அடைவுக்கு முகவரியை வைத்துப் பெயரிட வேண்டாம். டேபிளில் ஒரு மாறாத எண் கொடுத்து, அந்த எண்ணிலிருந்து பாதையை அமையுங்கள். ஆட்கள் இனிஷியலை மாற்றுவார்கள், நிறுவனம் டொமைனையே மாற்றும். பாதை எண்ணில் இருந்தால் டேபிளில் ஒரு வரியைத் திருத்தினால் வேலை முடிந்தது, டிஸ்கைத் தொட வேண்டாம்.

இனி, நான் உண்மையிலேயே பயப்படும் ஒரே ஒரு விஷயம். டேட்டாபேஸ் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது: போஸ்ட்ஃபிக்ஸ் தற்காலிகப் பிழை என்று 4-இல் தொடங்கும் எண்ணைச் சொல்லும், அனுப்பும் சர்வர்கள் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்று மெயில் நெறிமுறையின் ஆவணமான ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு லாகின் ஆகாது, ஆனால் ஒரு மெயிலும் தொலையாது. ஆபத்து, டேட்டாபேஸ் நன்றாக ஓடிக்கொண்டு, டேபிள் காலியாக இருக்கும்போது. பேக்கப்பிலிருந்து மீட்கும்போது முதலில் ஸ்கீமா வரும், தரவு பின்னால் வரும். அந்த இடைவெளியில் "இந்த முகவரி உண்டா" என்ற ஒவ்வொரு கேள்விக்கும் டேட்டாபேஸ் மரியாதையாக "இல்லை" என்று சொல்லும், போஸ்ட்ஃபிக்ஸ் 550 என்று நிரந்தரமாக மறுக்கும். அனுப்பியவருக்கு "இப்படி ஒருவர் இல்லை" என்று போய்ச் சேரும், மறுபடி யாரும் முயல மாட்டார்கள். வங்கியோ அரசு அலுவலகமோ உங்கள் முகவரியைத் தங்கள் பட்டியலிலிருந்தே எடுத்துவிடவும் கூடும். அதனால் மீட்கத் தொடங்கும் முன் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள், அல்லது சாஃப்ட் பவுன்ஸ் என்ற அமைப்பை இயக்குங்கள். அது இயங்கும்வரை எல்லா நிரந்தர மறுப்பும் தற்காலிக மறுப்பாக மாறிவிடும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது தேதியையும் பதிப்பையும் பாருங்கள். 2025 ஜனவரியில் வந்த டவ்காட் 2.4 கான்ஃபிக் வடிவத்தையே மாற்றிவிட்டது. டெபியன் 13-இல் இருப்பது அதுதான். 2.3-க்கு எழுதியதை ஒட்டினால் டவ்காட் தொடங்கவே மறுக்கும். எஸ்கியூஎல்லுக்கென்று முன்பு இருந்த தனிக் கோப்பும் இப்போது இல்லை, எல்லாம் முதன்மை கான்ஃபிக்குக்குள் வந்துவிட்டது. டேபிள் அமைப்பும் கேள்விகளும் அப்படியே பயன்படும், எழுதும் விதம்தான் மாறியது.

எம்எக்ஸ் ரெக்கார்டை (டொமைனின் மெயில் எந்த சர்வருக்கு என்று சொல்லும் பதிவு) மாற்றும் முன் போஸ்ட்மேப் கட்டளையில் கேள்வி விருப்பத்தோடு (-q) ஒவ்வொரு டேபிளையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்: இருக்கும் முகவரி, அலயாஸ், இல்லாத முகவரி, அணைத்த முகவரி. இல்லாததற்கு எதுவும் வரக் கூடாது. பிறகு டவ்அட்மின் யூசர் கட்டளையால் பெட்டியின் பாதையையும், டவ்அட்மின் ஆத் டெஸ்ட்டால் பாஸ்வேர்டையும் பாருங்கள். டவ்காட்டுக்கு எல்லாப் பயனர்களையும் பட்டியலிடும் கேள்வியையும் மறக்காமல் கொடுங்கள். அது இல்லாவிட்டால் "அனைவருக்கும்" என்று ஓட்டும் பராமரிப்புக் கட்டளை எதுவும் ஓடாது. மாற்றும் அன்று சாஃப்ட் பவுன்ஸை இயக்கி வைத்து, ஓரிரு நாள் லாகில் வரும் மறுப்புகளைப் படியுங்கள். பழைய ஹோஸ்டிங்கில் யாரோ எப்போதோ உருவாக்கி, உங்களிடம் கொடுத்த பட்டியலில் இல்லாத அலயாஸ்கள் அதில் கண்டிப்பாகத் தென்படும். அவற்றைச் சேர்த்த பிறகு சாஃப்ட் பவுன்ஸை அணைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் ஸ்பேம் அனுப்பும் சர்வர்கள் அதே மெயிலோடு நாள் முழுவதும் திரும்பி வந்துகொண்டிருக்கும்.